படகுக்குக் கரை மின்சாரம்: கேபிள் வாங்கப் போகுமுன் இதைப் படியுங்கள்

எங்கள் பிளக் உருகியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மட்டக்குளிப் பக்கம், களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு தனியார் ஜெட்டியில் படகைக் கட்டியிருந்தோம். நானும் மச்சானும் பங்குக்கு வாங்கிய 28 அடி ஃபைபர் படகு. கேபினுக்குள் ஏசி ஓடுகிறது, பட்டரி சார்ஜ் ஆகிறது, மச்சான் ஹொட் பிளேட்டில் பாரைமீன் குழம்பு வைக்கிறான். ஏதோ கருகும் வாசனை. மீன்தான் அடிப்பிடிக்கிறது என்று சட்டியை இறக்கி வைத்தான். வாசனை போகவில்லை.

ஜெட்டியில் இருந்த கரண்ட் பெட்டியைத் திறந்து பார்த்தால், எங்கள் 13 அம்பியர் சதுர முள் பிளக்கின் ஒரு பக்கம் மண்ணிறமாகி, பிளாஸ்டிக் இளகி வழிந்து, பிளக் பேஸோடு ஒட்டிப் போயிருந்தது. பிரேக்கரை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் கழற்றினோம். உள்ளே ஃபியூஸ் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது! அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

அதற்குப் பிறகு சரியான கேபிளைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதமும் தேவையில்லாத இரண்டு பில்களும் ஆயின. ஒழுங்கு தெரிந்து செய்தால் ஒரு கிழமையில் முடியும் வேலை. நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் கேபிளை வாங்கினேன், பிறகு அது எங்கே செருகும் என்று பார்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

1. முதலில் இரண்டு முனைகளையும் படம் எடுங்கள்

கடைக்குப் போகுமுன் ஜெட்டிக்குப் போங்கள். கரையில் உள்ள சொக்கட்டையும் படகில் உள்ள இன்லெட்டையும் (படகில் கேபிள் வந்து செருகும் வாய்) நேராகவும் பக்கவாட்டிலும் போனில் படம் எடுங்கள். மூடியைத் திறந்து, பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகள் தெரிகிற மாதிரி இன்னொரு படம். ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

பார்க்க வேண்டியது நான்கு விஷயம்: நிறம், முள்ளின் எண்ணிக்கை, அம்பியர், வோல்ட்.

படகுத் துறைகளில் உலகின் பல நாடுகளில் அதிகம் காணப்படுவது ஐ.ஈ.சி. 60309 வகை வட்டப் பிளக். நம் கடைகளில் இதை இண்டஸ்ட்ரியல் பிளக் என்றால்தான் விளங்கும். நீலம் என்றால் 200 முதல் 250 வோல்ட் வரை. நம் 230 வோல்ட் இதற்குள்தான் வரும். மஞ்சள் 110 வோல்ட் வகை. சிவப்பு 400 வோல்ட், த்ரீ ஃபேஸ். உங்களுக்கு வேண்டியது அநேகமாக மூன்று முள் நீலம். அந்த மூன்றில் ஏர்த் முள் மட்டும் மற்ற இரண்டைவிடத் தடிப்பாக இருக்கும், அதனால் மாற்றிச் செருக முடியாது.

நீலத்திலேயே 16 அம்பியர், 32 அம்பியர் என்று இரண்டு உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றுக்குள் ஒன்று போகாது, விட்டம் வேறு. நான் வாங்கிய முதல் இண்டஸ்ட்ரியல் பிளக் 32. படகின் இன்லெட் 16. படம் எடுத்துப் போயிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

கரையில் நீல சொக்கட்டே இல்லாமல், வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரி 13 அம்பியர் பேஸ் மட்டும் இருந்தால்? கொழும்பில் சிறிய ஜெட்டிகளில் இதுதான் வழக்கம். எங்கள் ஜெட்டியிலும் அப்படித்தான் இருந்தது. ஜெட்டிக்காரரிடம் கதைத்து, எங்கள் செலவிலேயே 16 அம்பியர் நீல சொக்கட்டும், அதற்குத் தனி பிரேக்கரும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சும் (அவ்வளவு கரண்ட் கசிந்தாலே தானாக விழுவது) போட்டுக்கொண்டோம். கேபிளைவிட இதுதான் முக்கியமான செலவு. அவர் மறுத்தால், 13 அம்பியர் பேஸில் 10 அம்பியருக்கு மேல் மணிக்கணக்காக இழுக்க மாட்டேன் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

2. படகு எவ்வளவு இழுக்கிறது என்று கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு சாமானின் பின்னாலும் வாட் கணக்கு எழுதியிருக்கும். ஒரு தாளில் எழுதிக் கூட்டி 230 ஆல் வகுங்கள். அம்பியர் வந்துவிடும்.

எங்கள் கணக்கு இது. ஏசி 900, பட்டரி சார்ஜர் 500, ஹொட் பிளேட் 1500, சின்ன ஃப்ரிட்ஜ் 80, லைட்டும் மின்விசிறியும் சேர்த்து 100. மொத்தம் 3080 வாட். 230 ஆல் வகுத்தால் 13.4 அம்பியர். பிளக் உருகிய அன்று ஓடியவை இவைதான். அந்த நேரம் 2000 வாட் கேத்திலையும் போட்டிருந்தால் 22 அம்பியர் ஆகியிருக்கும்.

அப்படியானால் 13 அம்பியர் ஃபியூஸ் ஏன் போகவில்லை? ஃபியூஸ் என்பது 13 ஐத் தாண்டியதும் பட்டென்று அறுந்துவிடும் சாமான் இல்லை. 13.4 அம்பியரை அது நாள் முழுக்கத் தாங்கும். தாங்காதது பிளக்கும் பேஸும் தொடும் இடம். பேஸ் பழையது, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கிறது, உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. தொடும் இடத்தில் தடை கூடுகிறது, தடை உள்ள இடம் சூடாகிறது, சூட்டில் தகடு இன்னும் தளர்கிறது. ஃபியூஸுக்கும் பிரேக்கருக்கும் இது தெரியவே தெரியாது. அவை பார்ப்பது அம்பியரை மட்டும்தான். கரை மின்சாரக் கேபிள்கள் எரிவது அநேகமாக நடுவில் அல்ல, இப்படி முனைகளில்தான்.

ஏசி இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். இன்வெர்ட்டர் அல்லாத ஏசியின் கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அது ஒரு நொடிதான், கேபிளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கணக்கை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தால் பிரேக்கர் விழும்.

16 அம்பியர் என்றால் 3680 வாட். இரண்டு மூன்று பேர் தங்கும் சின்னப் படகுக்கு அது போதும், ஹொட் பிளேட்டும் கேத்திலும் ஒன்றாக ஓடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டால். 32 அம்பியர் என்றால் 7360 வாட். இரண்டு ஏசி, வெந்நீர் ஹீட்டர் எல்லாம் உள்ள படகுக்குத்தான் அது. எதிர்காலத்தில் தேவைப்படும் என்று 32 வாங்காதீர்கள். பாரம் இரட்டிப்பு, காசு இரட்டிப்பு, சுருட்டி வைக்க இடமும் இல்லை.

3. கேபிள்: தடிப்பு, நீளம், தோல்

இங்கேதான் கடைக்காரர் உங்களை ஜெயிப்பார். "எத்தனை மீற்றர் வேணும் தம்பி?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பதில் சொல்லாதீர்கள். முதலில் தடிப்பைச் சொல்லுங்கள்.

16 அம்பியருக்கு மூன்று கோர் (உறைக்குள் தனித்தனியாகப் போகும் கம்பிகள்), ஒவ்வொன்றும் 2.5 சதுர மில்லி மீற்றர். 32 அம்பியருக்கு 6 சதுர மில்லி மீற்றர். இதற்குக் கீழே போகாதீர்கள். "1.5 போதும், வீட்டில் எல்லாரும் அதைத்தானே பாவிக்கிறார்கள்" என்பார்கள். நான் நம்பினேன். 30 மீற்றர் ஆரஞ்சு நிற 1.5 கேபிள் வாங்கினேன். 13.4 அம்பியர் ஓடும்போது அந்த நீளத்தில் கிட்டத்தட்ட 12 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. தொலைவது எங்கே போகிறது? சூடாகிறது. கணக்குப் பார்த்தால் 150 வாட்டுக்கு மேல். மீந்த கேபிளைச் சுருட்டி இருக்கைப் பெட்டிக்குள் வேறு தள்ளியிருந்தோம். அந்தக் காலத்துக் குண்டு பல்பை மூடிய பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. பிளக் முந்திக்கொண்டது, இல்லாவிட்டால் அந்தப் பெட்டிதான் பற்றியிருக்கும்.

அதே சுமைக்கு 2.5 தடிப்பில் 25 மீற்றர் என்றால் இழப்பு 6 வோல்ட் அளவுதான்.

நீளத்துக்கு வருவோம். கரை சொக்கட்டிலிருந்து இன்லெட் வரை கயிறு போட்டு அளந்து பாருங்கள். நேர்கோட்டில் அல்ல, கேபிள் உண்மையில் போகப்போகும் வழியில், கம்பி வேலியைச் சுற்றி, கிளீட்டை (படகுக் கயிறு கட்டும் கொம்பு) சுற்றி. அதோடு 3 மீற்றர் கூட்டுங்கள். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் பெரிய தளர்வு தேவையில்லை. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் ஆறு பெருகினால் படகு தூக்கும், அலை அடித்தால் முன்பின்னாக இழுக்கும். அதற்குத்தான் அந்த 3 மீற்றர். மொத்தம் 25 மீற்றரைத் தாண்டினால் கேபிளை நீட்டாதீர்கள். சொக்கட்டைக் கிட்டக் கொண்டுவரப் பாருங்கள். இரண்டு கேபிளை நடுவில் இணைத்து ஜெட்டிப் பலகையில் போடுவது வேண்டவே வேண்டாம். அந்த இணைப்பு ஒரு நாள் தண்ணீருக்குள் விழும்.

தோல் என்று நான் சொல்வது வெளி உறையை. வீட்டு வயரிங்குக்குப் போடும் விறைப்பான பி.வி.சி. கேபிள் ஆகவே ஆகாது. அதன் உள்ளே கம்பி ஒற்றையாகவோ ஏழு இழையாகவோ இருக்கும், படகு ஆட ஆட முறிந்துவிடும். ஆரஞ்சு நிற பி.வி.சி. கோட் வெயிலில் வெடிக்கும். கேட்க வேண்டியது கறுப்பு ரப்பர் கேபிள், உறையில் எச்07ஆர்என்-எஃப் என்று அச்சிட்டது. எண்ணெய், வெயில், ஈரம் மூன்றையும் தாங்கும். வெல்டிங் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் சாமான் விற்பவர்களிடம் இது இருக்கும். ஈயம் பூசிய செப்பு இழை கிடைத்தால் இன்னும் நல்லது, உப்பில் கறுக்காது. கொழும்பில் அதைச் சில்லறையாகத் தேடுவது சிரமம். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், போலி. உறையில் 2.5 என்று அச்சடித்துவிட்டு உள்ளே குறைவான செம்பு வைப்பது உண்டு. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய இழையும் உண்டு. கடையிலேயே கண்டுபிடிக்கலாம். முனையில் ஒரு அங்குலம் தோலை உரிக்கச் சொல்லுங்கள். வளையக்கூடிய 2.5 கேபிளின் ஒரு கோரில் வழக்கமாக 50 இழை இருக்கும், ஒவ்வொன்றும் 0.25 மில்லி மீற்றர். 1.5 கேபிளில் 30 இழை. நான் கடை வாசலில் குந்தியிருந்து எண்ணினேன். இரண்டாவது கடையில் 2.5 என்று தந்தது 32 இழையில் நின்றது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனால் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறு சுருள் எடுத்து வந்தார். இழையை பிளேடால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

4. முனைகளில் கஞ்சத்தனம் வேண்டாம்

பிளக்கிலும் கப்ளரிலும் (கேபிளின் துளை உள்ள முனை) ஐ.பி. 44, ஐ.பி. 67 என்று இரண்டு தரம் உண்டு. 44 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும். 67 என்றால் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும். அதில் திருகிப் பூட்டும் வளையம் ஒன்று இருக்கும். கரைப் பக்கம் மூடிய பெட்டிக்குள் இருந்தால் 44 போதும். படகுப் பக்கம் 67 வாங்குங்கள். இன்லெட்டும் 67 ஆக இருந்தால்தான் அந்த வளையம் பூட்டும். இதையும் முதல் படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த முனையில் எது என்பதில் குழம்புகிறவர்கள் நிறைய. கரண்ட் வரும் பக்கத்தில் முள் வெளியே தெரியக்கூடாது. ஆகவே கரை சொக்கட்டில் செருகும் முனையில் முள் உள்ள பிளக். படகில் செருகும் முனையில் துளை உள்ள கப்ளர். படகின் இன்லெட்டில் முள். இரண்டு பக்கமும் முள் வைத்த கேபிளை ஒரு வயரிங் பாஸ் பெருமையாகச் செய்து தந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் செருகியதும் மறுபக்க முள்ளில் உயிருள்ள 230 வோல்ட் கையில் இருக்கும்.

பூட்டும்போது மூன்று விஷயம். மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த். இழைகளை முறுக்கி அப்படியே ஸ்க்ரூவின் கீழ் வைக்காமல், சின்ன உலோகக் குழாய் போட்டு நசுக்கிவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். ஈயம் பற்றவைத்த முனையை ஸ்க்ரூவின் கீழ் வைக்கவே கூடாது. நாளடைவில் ஈயம் பிதுங்கி ஸ்க்ரூ தளரும், மறுபடியும் சூட்டுக் கதைதான். மூன்றாவது, கேபிளின் வெளி உறை பிளக்கின் உள்ளே வரை போய்ப் பிடியில் இறுக வேண்டும். இழுத்தால் உறை இழுபட வேண்டும், கம்பி அல்ல.

5. கடைக்குப் போகும் நாள்

இண்டஸ்ட்ரியல் பிளக்குக்கும் ரப்பர் கேபிளுக்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து தொடங்குங்கள். அங்கே இல்லையென்றால் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகள். பஞ்சிகாவத்தையில் பட்டரி முனை, வாகன வயர் எல்லாம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் 230 வோல்ட் சாமானுக்கு அது இடம் அல்ல. நான் அங்கே ஒரு காலையை வீணடித்தேன். ஞாயிறும் போயாவும் வேண்டாம். வெள்ளி என்றால் ஜும்ஆவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், பல கடைகள் மத்தியானம் மூடிவிடும். செவ்வாய், புதன் காலை பத்து மணி நல்ல நேரம்: கடை திறந்திருக்கும், முதலாளிக்குக் கதைக்கவும் பொறுமை இருக்கும்.

விலையை இங்கே ரூபாவில் எழுதவில்லை. செம்பு விலையோடும் டொலரோடும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். பங்கைச் சொல்கிறேன்: என் பில்லில் பத்தில் ஏழு பங்கு கேபிள், இரண்டு பங்கு இரண்டு முனைகள், ஒரு பங்கு பூட்டும் கூலி. யாராவது முழுவதையும் சேர்த்து அந்தக் கேபிளின் விலையைவிடக் குறைவாகத் தருகிறேன் என்றால், செம்பை எண்ணுங்கள்.

பில்லில் "கேபிள் 1" என்று எழுதித் தருவார்கள். அதை வாங்காதீர்கள். கேபிளின் வகை, தடிப்பு, நீளம், பிளக்கின் பிராண்ட், தரம் எல்லாவற்றையும் எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள். உறையில் அச்சடித்ததைப் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். படகுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், தீ பற்றிய பிறகு அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று மின் இணைப்பு எப்படிச் செய்தீர்கள் என்பதாக இருக்கும். பூட்டிக்கொடுத்தவரிடமும் ஒரு சின்ன ரசீது. அவரிடம் மின் வேலைக்கான என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து முனை பூட்டிய கேபிளைத் தபாலில் எடுக்க நினைத்தால், சுங்கத்தில் அது 8544 என்ற தலைப்பின் கீழ் வரும். தனிப் பிளக், சொக்கட் 8536. விற்பவரின் விலைப்பட்டியலில் இது சரியாக எழுதியிருக்கட்டும். வரிகளோடு 18 சதவீத வற் வரியும் சேரும், தபால் கூலியும் சேர்ந்த தொகையின் மேல். 25 மீற்றர் ரப்பர் கேபிள் பாரமான சாமான். கணக்குப் போட்டுப் பார்த்ததும் நான் புறக்கோட்டைக்கே திரும்பினேன்.

6. டெஸ்ட் பண்ணாமல் செருகாதீர்கள்

கரை சொக்கட்டை நம்ப வேண்டாம். மல்டி மீட்டர் உள்ள ஒருவரைக் கூட்டிப் போய் மூன்று அளவு எடுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 அளவில் இருக்க வேண்டும். லைனுக்கும் ஏர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே. நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இரண்டாவது அளவு பூச்சியமோ ஏதோ பாதியோ காட்டினால் ஏர்த் இல்லை. ஆனால் இரண்டாவது பூச்சியமும் மூன்றாவது 230 உம் காட்டினால், பிரச்சினை ஏர்த் அல்ல, லைனும் நியூட்ரலும் மாறிக் கிடக்கிறது. படகில் பிரேக்கரை அணைத்தாலும் சாமானுக்குள் உயிர் இருக்கும்.

பிறகு ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஜெட்டியில் அன்று கரண்ட் எடுக்காதீர்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. படகிலிருந்து கசியும் கரண்ட் ஏர்த் வழியாகத் திரும்ப முடியாவிட்டால் தண்ணீர் வழியாகத் திரும்பும். கடல் நீரில் உப்பு அதிகம். அதனால் கரண்ட் மனித உடம்பை விட்டு விலகி நீர் வழியாகவே போய்விடும். நன்னீரில் உடம்புதான் நீரைவிட நல்ல கடத்தி, ஆகவே கரண்ட் உடம்புக்குள் நுழையும். கொஞ்சம் கசிந்தாலே கைகால் விறைத்து, நீந்தத் தெரிந்தவனும் மூழ்கிப் போவான். மழைக் காலத்தில் களனி முகத்துவாரத்தில் ஆற்று நீர்தான் மேலே ஓடுகிறது. பேரை வாவியும் நன்னீர்தான். எங்கள் ஜெட்டியிலிருந்து பின்னேரங்களில் பொடியன்கள் குதித்து விளையாடுவார்கள். கேபிள் செருகியிருக்கும்போது அந்தப் பக்கம் யாரையும் இறங்க விடுவதில்லை என்று இப்போது ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். பொடியன்கள் பலகையைப் படிப்பதில்லை, அதனால் மச்சான் கத்துகிறான்.

7. செருகும் ஒழுங்கு, கழற்றும் ஒழுங்கு

படகில் மெயின் பிரேக்கரும் கரையில் பிரேக்கரும் அணைந்திருக்கட்டும். முதலில் படகு இன்லெட்டில் செருகிப் பூட்டுங்கள். பிறகு கரையில் செருகுங்கள். பிறகு கரை பிரேக்கர், கடைசியாகப் படகு பிரேக்கர். கழற்றும்போது நேர் எதிர்: படகில் அணைத்து, கரையில் அணைத்து, கரை முனையை முதலில் கழற்றி, படகு முனையைக் கடைசியாக. கையில் இருக்கும் முனை ஒருபோதும் உயிரோடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேபிளை முழுவதும் விரியுங்கள். மீந்ததை வட்டமாகச் சுருட்டி அடுக்காமல், நிழலில் பெரிய வளைவுகளாகப் பரப்பிவிடுங்கள். ரீலில் சுற்றியபடி பாவிப்பது மோசம். ரீலின் பக்கத்தில் சுற்றியபடி இவ்வளவு வாட், விரித்தால் இவ்வளவு வாட் என்று இரண்டு எண் அச்சடித்திருப்பார்கள், முதலாவது மிகவும் சின்னது. இன்லெட்டுக்குச் சற்று முன்னால் கேபிள் ஒரு தொங்கலாக இறங்கி ஏறட்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், இணைப்புக்குள் ஓடாது.

ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து இரண்டு முனைகளின் வெளிப்பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் அணைத்துவிடுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதா? ஈரமான இன்லெட், ஹீட்டரின் எலிமென்ட், பழைய சார்ஜர், இந்த ஒழுங்கில் தேடுங்கள். ஏர்த் கம்பியை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் எனக்கு இலவச ஆலோசனை தந்தார். ட்ரிப் விழுவது நின்றுவிடும், உண்மைதான். மேலே சொன்ன பொடியன்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்த்தோடு வரும் ஒரு தொல்லை மட்டும் நிஜம். கரை ஏர்த் வழியாகப் பக்கத்துப் படகுகளின் உலோகமும் உங்கள் உலோகமும் ஒரே கம்பியில் சேர்ந்துவிடுகின்றன. தண்ணீரோடு சேர்ந்து அது ஒரு பட்டரி. மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரையட்டும் என்று படகின் அடியில் மாட்டியிருக்கும் உங்கள் நாகக் கட்டி வேகமாகக் கரையும், அது தீர்ந்ததும் ப்ரொப்பெல்லரைப் பிடிக்கும். இதற்குக் கல்வானிக் ஐசலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, ஏர்த் கம்பியில் இடையே போடுவது. மாதக்கணக்கில் செருகியே வைத்திருப்பவர்கள் அதை வாங்குங்கள். சனி ஞாயிறு மட்டும் செருகுகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாகத்தைப் பார்த்தால் போதும்.

8. அமெரிக்கப் படகு வாங்கியிருந்தால்

செருகாதீர்கள். முள் வளைந்து, செருகித் திருப்பிப் பூட்டும் மஞ்சள் கேபிள், 30 அம்பியர் 125 வோல்ட் என்று எழுதியிருக்கும். முனையை மட்டும் மாற்றி நம் சொக்கட்டில் மாட்டினால் 120 வோல்ட் சாமானுக்குள் 230 போகும். ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டாலும் அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அதை ட்ரான்ஸ்ஃபோமர் மாற்றாது. சார்ஜருக்கு அநேகமாகப் பரவாயில்லை, பழைய ஏசி மோட்டர் சூடேறும்.

9. ஜெட்டிக்காரரோடு கணக்கு

என்னிடம் கேட்டவை: படகுப் பதிவுச் சான்றிதழின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, இன்ஷூரன்ஸ் பிரதி. மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு, கேபிள் பில்லையும் சேர்த்துக் கொண்டுபோனேன். சொக்கட் மாற்ற அனுமதி கேட்டு ஒரு பக்கக் கடிதம். ஒரு கிழமைக்குள் சம்மதம் வந்தது. பில்லைக் காட்டியதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

கரண்டுக்கு நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள். சின்ன மீட்டர் ஒன்று போட்டு யூனிட் கணக்கில் கொடுப்பது இரண்டு பேருக்கும் நல்லது. எங்கள் 3080 வாட்டும் எட்டு மணி நேரம் முழுதாக ஓடினால்கூட 25 யூனிட்டுக்குள். உண்மையில் ஏசி விட்டுவிட்டு ஓடுவதால் அதில் பாதிதான் வரும். மொத்தக் கணக்கில் கொடுத்த முதல் இரண்டு மாதமும் நாங்கள் அடுத்த படகுகளின் ஐஸ் பெட்டிக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறோம்.

மே மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் ஜெட்டியில் வயரிங் வேலைக்கு யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் நீங்கள் விடக்கூடாது.

வருடத்துக்கு ஒரு முறை இரண்டு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தால் அந்த அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகப் பூட்டலாம். முள்ளைச் சுற்றி மண்ணிறம் தெரிந்தால் அந்த முனையை மாற்றுங்கள், அது செருகியிருந்த எதிர் முனையையும் பாருங்கள். ஒன்று சூடானால் மற்றதும் சூடாகியிருக்கும். உறை வெடித்திருந்தால் டேப் சுற்றாமல் முழுக் கேபிளையும் எறிந்துவிடுங்கள். எறியும்போது இரண்டு துண்டாக வெட்டி எறியுங்கள். நான் முழுசாகக் குப்பையில் போட்ட ஆரஞ்சு கேபிள் அடுத்த கிழமை இரண்டு படகு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது.